டேப்பர் செய்த ஒளியிழையில் பிராக் கீற்றணி: நிறப்பிரிகையை ஈடுசெய்யும் கருவியைக் கணக்கிட்டுச் செய்து முடிக்கும் முழுமையான வழிகாட்டி

ஐடியு-டி (அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரப்பிரிவு) ஜி.652 தரத்துக்குட்பட்ட சாதாரண ஒற்றைப்பாங்கு ஒளியிழையில் 1310 நானோமீட்டர் அருகே நிறப்பிரிகை, அதாவது அலைநீளத்துக்கு ஏற்ப ஒளியின் வேகம் மாறித் துடிப்பு பரவுவது, பூச்சியம். ஆனால் இழப்பு மிகக் குறைவாக இருப்பதும் ஒளிக் குறிப்பலையை வலுப்படுத்தும் எர்பியம் பெருக்கிகள் வேலை செய்வதும் 1550 நானோமீட்டர் அருகே. அங்கே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், ஒவ்வொரு நானோமீட்டர் அலைநீள வேறுபாட்டுக்கும், சுமார் 17 பிக்கோ வினாடி தாமத வேறுபாடு சேர்கிறது. 80 கிலோமீட்டர் சென்ற பிறகு அது நானோமீட்டருக்கு 1360 பிக்கோ வினாடி ஆகிவிடும். வினாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 100 பிக்கோ வினாடிதான். அந்தக் குறிப்பலையின் நிறமாலை அகலத்தைச் சுமார் 0.1 நானோமீட்டர் என்று கொண்டாலும், துடிப்பு தன் எல்லையைத் தாண்டி அடுத்த பிட்டுக்குள் பரவி விடுகிறது என்பது பெருக்கிப் பார்த்தாலே தெரியும்.

இதைச் சரிசெய்யும் பழகிய வழி, எதிர்க்குறி நிறப்பிரிகை கொண்ட ஈடுசெய் இழையைச் சேர்ப்பது. கிலோமீட்டருக்கும் நானோமீட்டருக்கும் 80 முதல் 100 பிக்கோ வினாடி வரை எதிர்த் தாமதம் தரும் அவ்வகை இழை 80 கிலோமீட்டர் தொலைவுக்குச் சுமார் 14 முதல் 17 கிலோமீட்டர் தேவைப்படும். அதனால் 7 டெசிபல் அளவில் இழப்பும், கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ வினாடி வீதம் கூடுதல் தாமதமும் வரும். ஒளி செல்லும் நடுப்பகுதியான அதன் உள்ளகம் சிறியதாக இருப்பதால் ஒளிச்செறிவால் எழும் நேரிலா விளைவுகளும் கூடும். அதே வேலையை 12 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கீற்றணி, அதாவது உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் சிறு இடைவெளிகளில் ஏறி இறங்கி, அந்த இடைவெளிக்கு ஏற்ற அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும் இழைத்துண்டு, செய்துவிடுகிறது. நீண்ட தொலைவுத் தடங்களில் இன்று கோஹிரன்ட் ஏற்பிகள் (ஒளியின் அளவோடு கட்டத்தையும் உணர்பவை) நிறப்பிரிகையை எண்முறைச் செயலாக்கத்தால் ஈடுசெய்கின்றன. ஆயினும் நேரடி உணர்வு கொண்ட 10 கிகாபிட் இணைப்புகளிலும், தாமதம் பொறுக்காத தடங்களிலும், அதிகுறுந்துடிப்பு லேசர்களில் துடிப்பை நீட்டுவதிலும் இந்தக் கீற்றணிக்கான இடம் உறுதியாக இருக்கிறது.

அடிப்படை: எதை ஏன் மாற்றுகிறோம்

ஜெர்மானியம் கலந்த கண்ணாடி உள்ளகம் ஒளிபட்டு ஒளிவிலகல் எண்ணை நிலையாக மாற்றிக்கொள்ளும் என்பதை 1978-இல் கனடாவின் தகவல்தொடர்பு ஆய்வு மையத்தில் கென் ஹில்லும் அவருடைய குழுவினரும் கண்டனர். 1989-இல் மெல்ட்ஸ் குழுவினர் இழையின் பக்கவாட்டிலிருந்து புறஊதா ஒளியைக் குறுக்கீடு செய்து விரும்பிய அலைநீளத்தில் கீற்றணி எழுதிக் காட்டினர். 1993-இல் ஃபேஸ் மாஸ்க் (புறஊதா ஒளியைக் குறுக்கீட்டுக் கோடுகளாக மாற்றும், நுண்வரிகள் பொறித்த தகடு) முறை வந்த பின் இது ஆய்வகத் திறமையிலிருந்து தொழில்முறை வேலையாக மாறியது. இடைவெளி சீராக மாறிச்செல்லும் கீற்றணியால் நிறப்பிரிகையை ஈடுசெய்யலாம் என்று பிரான்சுவா உவெல்லெட் 1987-லேயே முன்மொழிந்திருந்தார்.

ஒரு கீற்றணி எதிரொளிக்கும் பிராக் அலைநீளம், செயலுறு ஒளிவிலகல் எண்ணையும் (இழைக்குள் செல்லும் ஒளி உண்மையில் உணரும் எண்) கீற்றணி இடைவெளியையும் பெருக்கி இரண்டால் பெருக்கினால் கிடைப்பது. செயலுறு ஒளிவிலகல் எண் 1.447 என்றால், 1550 நானோமீட்டருக்கு இடைவெளி சுமார் 535.6 நானோமீட்டர். ஃபேஸ் மாஸ்கின் இடைவெளி இதன் இருமடங்கு. இந்தப் பெருக்கற்பலன் கீற்றணியின் நீளம் நெடுகச் சீராக மாறினால், ஒவ்வொரு அலைநீளமும் ஒவ்வோர் இடத்தில் திரும்பும். அந்த மாற்றத்தையே சர்ப் என்கிறோம். முன்னே திரும்பும் நிறத்துக்கும் கடைசியில் திரும்பும் நிறத்துக்கும் இடையேயான தாமதம், கீற்றணியின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 9.8 பிக்கோ வினாடி. ஒளி அந்த மில்லிமீட்டரைப் போகவும் வரவும் கடப்பதற்கு ஆகும் நேரம் அது.

சர்ப்பை உண்டாக்கப் பல வழிகள் உள்ளன. சர்ப் கொண்ட ஃபேஸ் மாஸ்கையே வாங்கலாம், ஆனால் ஒரு மாஸ்க் ஒரே ஒரு சர்ப்புக்குத்தான் உதவும். வெப்பநிலைச் சரிவு கொடுக்கலாம். நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் வழி டேப்பர்: இழையின் வெளி விட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படிப்படியாக மெலியச் செய்து, சாதாரண சீரான மாஸ்கினாலேயே சர்ப் கொண்ட கீற்றணியைப் பெறுவது.

டேப்பரில் இரண்டு வகை உண்டு. இழையைச் சுடரில் உருக்கி இழுத்தால் உள்ளகமும் சேர்ந்து மெலியும். ஒளியின் அலைபாங்கு, உள்ளகத்தைச் சூழ்ந்த உறைக்குள் பரவும். செயலுறு ஒளிவிலகல் எண் குறையும். உள்ளகத்துக்கும் உறைக்கும் உள்ள வேறுபாடே சுமார் 0.005 என்பதால் இம்முறையில் சர்ப்புக்கு இயற்கையான உச்ச எல்லை உண்டு. எல்லையை நெருங்க நெருங்க ஒளி சிறு வளைவிலும் கசியும். எண் மாறும் வீதமும் விட்டத்தோடு நேர்கோட்டில் செல்லாது. இரண்டாவது வகை, உறையின் வெளிப்புறத்தை மட்டும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரிப்பது. உள்ளகமும் அதைச் சுற்றி ஒளி பரவியிருக்கும் பகுதியும் தொடப்படுவதில்லை. ஆகவே ஒளியைப் பொறுத்தவரை இழை மாறவே இல்லை. இழுத்தால் மட்டும், மெல்லிய இடம் அதிகமாகவும் தடித்த இடம் குறைவாகவும் நீளும். கணக்கிட்டுச் செய்யக்கூடியது என்பதால் அரித்த டேப்பரையே நான் பரிந்துரைக்கிறேன். இனி வரும் அனைத்தும் அதைப் பற்றியவை.

முதற்படி: எழுதும்போது இழுப்பதா, எழுதிய பின் இழுப்பதா?

வேறு எதைக் கணக்கிடும் முன்பும் இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட வேண்டும். சர்ப்பின் குறி, அதன் அளவு, ஒளியை எந்த முனையில் செலுத்துவது, கருவியை எப்படிப் பொதிவது ஆகிய எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. இதைத் தாமதமாக முடிவு செய்கிறவர்கள் நல்ல கீற்றணியைச் செய்துவிட்டுத் தவறான முனையில் இணைப்பார்கள்.

முதல் வழியில், தளர்வாக இருக்கும் டேப்பரில் சீரான கீற்றணியை எழுதி, பயன்படுத்தும்போது இழுவிசை கொடுக்கிறோம். மெல்லிய முனை அதிகம் நீள்வதால் அங்கே இடைவெளி அதிகமாகி நீண்ட அலைநீளம் திரும்பும். இழுக்கும்போது கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சற்றுக் குறைந்து, நீட்சியின் விளைவில் சுமார் 22 விழுக்காட்டைத் தின்றுவிடும். ஆகவே 1550 நானோமீட்டரில் ஒரு மைக்ரோ திரிபுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) 1.21 பிக்கோமீட்டர் அலைநீள நகர்வு மட்டுமே கிடைக்கும். இதன் பெருமை, விசையை மாற்றிச் சர்ப்பை மாற்றலாம் என்பது.

இரண்டாம் வழியில், டேப்பரை இழுத்துப் பிடித்த நிலையில் சீரான கீற்றணியை எழுதி, பின்னர் தளர்த்திவிடுகிறோம். எழுதும்போது மாஸ்க் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியைப் பதிக்கிறது. தளர்த்தியதும் மெல்லிய முனை அதிகம் சுருங்குவதால் அங்கே குறுகிய அலைநீளம் திரும்பும். முதல் வழிக்கு நேர் எதிர். இப்போது இழையில் திரிபே இல்லை. ஒளிவிலகல் எண் எல்லா இடத்திலும் ஒன்றுதான். எனவே மேலே சொன்ன 22 விழுக்காட்டுக் கழிவு இங்கே கிடையாது: எழுதும்போது இருந்த ஒரு மைக்ரோ திரிபு வேறுபாட்டுக்கு முழுமையாக 1.55 பிக்கோமீட்டர் சர்ப் கிடைக்கும். இரண்டு வழிக்கும் 1.21 என்ற ஒரே எண்ணைப் போட்டுக் கணக்கிடுவது அடிக்கடி நிகழும் பிழை; விளைவு, நிறப்பிரிகை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகும்.

சாதாரண இழையில் 1550 நானோமீட்டர் அருகே நீண்ட அலைநீளம் பின்தங்குகிறது, குறுகியது முந்துகிறது. ஈடுசெய்ய வேண்டுமெனில் நீண்ட அலைநீளம் உடனே திரும்ப வேண்டும், குறுகியது உள்ளே ஆழமாகப் போய்த் திரும்ப வேண்டும். ஆகவே ஒளி நுழையும் முனை நீண்ட அலைநீள முனையாக இருக்க வேண்டும். இரண்டாம் வழியில் அது தடித்த 125 மைக்ரோமீட்டர் முனை. வேறு இழையோடு சேர்த்து உருக்கி இணைப்பதற்கு அதுவே வசதியான முனையும் ஆகும். நிலையான மதிப்பு போதும் என்கிறவர்களுக்கு இரண்டாம் வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. நிரந்தர இழுவிசை இல்லாததால் இழை களைத்து முறியும் அச்சமும், பசை மெல்ல நழுவிச் சர்ப்பை மாற்றும் தொல்லையும் இல்லை.

இரண்டாம் படி: எண்களைத் தீர்மானித்தல்

80 கிலோமீட்டர் தடத்தையே எடுத்துக்கொள்வோம். தேவை நானோமீட்டருக்கு 1360 பிக்கோ வினாடி எதிர்த் தாமதம். பட்டை அகலத்தைக் குறிப்பலைக்கு 0.2 நானோமீட்டர், லேசரின் அலைவுக்கு இருபுறமும் 0.1, மீதி வெப்பநிலைக்கும் தயாரிப்புப் பிசகுக்கும் என்று 0.7 நானோமீட்டர் வைத்துக்கொள்வோம். தேவையான மொத்தத் தாமதம் 952 பிக்கோ வினாடி. அதை 9.8-ஆல் வகுத்தால் சுமார் 97 மில்லிமீட்டர் கீற்றணி வேண்டும். இரு முனைகளிலும் கீற்றணியின் வலிமையை மெல்லக் குறைக்க வேண்டியிருப்பதால் அதற்கென இருபுறமும் இடம் விட்டு 120 மில்லிமீட்டர் என்று வைப்போம். சர்ப் வீதம் மில்லிமீட்டருக்கு 0.0072 நானோமீட்டர், ஆக 120 மில்லிமீட்டருக்கு மொத்தச் சர்ப் 0.864 நானோமீட்டர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீளம் தாமதத்தை நிர்ணயிக்கிறது. சர்ப் பட்டை அகலத்தை நிர்ணயிக்கிறது. நிறப்பிரிகை இவ்விரண்டின் வகுத்தல்தான். அதிகச் சர்ப் கொடுத்தால் அதிக நிறப்பிரிகை கிடைக்கும் என்று நினைப்பது தலைகீழான எண்ணம். சர்ப் கூடினால் பட்டை அகலும், நிறப்பிரிகை குறையும்.

விட்டத்தை 125-இலிருந்து 100 மைக்ரோமீட்டருக்குக் குறைப்போம். குறுக்குவெட்டுப் பரப்பின் விகிதம் 1.5625, ஆகவே மெல்லிய முனையின் திரிபு தடித்த முனையின் திரிபைவிட 0.5625 மடங்கு அதிகம். இரண்டாம் வழியில் 0.864 நானோமீட்டருக்குத் தேவையான திரிபு வேறுபாடு 557 மைக்ரோ திரிபு. தடித்த முனையில் 990, மெல்லிய முனையில் 1547. கண்ணாடியின் யங் குணகம் 72 கிகா பாஸ்கல் என்று கொண்டால், 125 மைக்ரோமீட்டர் இழையை 1 நியூட்டன் விசை சுமார் 1132 மைக்ரோ திரிபுக்கு இழுக்கும். ஆகவே எழுதும்போது தேவையான விசை 0.875 நியூட்டன், அதாவது சுமார் 89 கிராம் எடை. முதல் வழி என்றால் 715 மைக்ரோ திரிபு வேறுபாடும் 1.12 நியூட்டன் விசையும் வேண்டும், அதுவும் நிரந்தரமாக.

தளர்த்தும்போது சராசரியாக 1269 மைக்ரோ திரிபு விடுபடுவதால் நடு அலைநீளம் 1.97 நானோமீட்டர் கீழிறங்கும். ஆகவே 1551.97 நானோமீட்டருக்கு ஏற்ற மாஸ்க், அதாவது 1072.5 நானோமீட்டர் இடைவெளி கொண்டது தேவை. புறஊதா ஒளியால் சராசரி ஒளிவிலகல் எண் பத்தாயிரத்தில் ஒன்று உயர்ந்தாலே அலைநீளம் 0.1 நானோமீட்டர் மேலேறும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாஸ்க் சற்றுப் பிசகியிருந்தால் எழுதிய பின் எதுவும் செய்ய முடியாது என்பதில்லை. ஆனால் அப்போது முழுக் கீற்றணியையும் நிரந்தரமாக இழுத்தோ சூடாக்கியோ வைக்க வேண்டிவரும். அதைவிட முன்கூட்டியே ஒரு சிறு சோதனைக் கீற்றணி எழுதி அந்த இழையின் செயலுறு எண்ணை அளந்துகொள்வது நல்லது.

மூன்றாம் படி: டேப்பரின் வடிவம்

சர்ப் நேர்கோட்டில் மாற வேண்டுமெனில் திரிபு நேர்கோட்டில் மாற வேண்டும். திரிபு பரப்புக்கு எதிர்விகிதம். ஆகவே நேர்கோட்டில் மாற வேண்டியது விட்டத்தின் வர்க்கத்தின் தலைகீழ், விட்டம் அல்ல. நம் எடுத்துக்காட்டில் எந்த இடத்திலும் விட்டத்தைக் காண, அந்த இடம் நீளத்தில் எத்தனை பங்கு என்பதை 0.5625-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 125-ஐ அதனால் வகுக்க வேண்டும். கால் பங்கு தொலைவில் 117.0 மைக்ரோமீட்டர், நடுவில் 110.4, முக்கால் பங்கில் 104.8, முடிவில் 100. நேர்கோட்டுக் கூம்பாகச் செய்திருந்தால் நடுவில் 112.5 வந்திருக்கும். 2 மைக்ரோமீட்டர் என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் அது நடுவில் சர்ப்பை மொத்த அளவில் சுமார் 8 விழுக்காடு பிசகச் செய்து, பட்டையின் ஒரு முனையில் ஈடு குறையவும் மறுமுனையில் ஈடு மிகவும் காரணமாகிவிடும். டேப்பர் முறையில் தோல்வி கண்டவற்றை ஆராய்ந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வேர் இருக்கும்.

நான்காம் படி: அரித்தல்

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலே உள்ளே ஊடுருவி, உடலின் கால்சியத்தைப் பிணைத்து, உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக் கூடியது. புகைபோக்கிக் கூண்டுக்குள் மட்டும், ஏற்ற கையுறையும் முகக் கவசமும் அணிந்து, கால்சியம் குளுக்கோனேட் களிம்பைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்து, இன்னொருவர் உடனிருக்க மட்டுமே செய்ய வேண்டும். கலன் கண்ணாடியாக இருக்கக் கூடாது. பாலிஎத்திலீன் அல்லது டெஃப்ளான் கலன் வேண்டும். இதில் பயிற்சி பெறாதவர் இந்தப் படியைத் தாமே செய்யாமல், பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

முதலில் பாலிமர் பூச்சை நீக்க வேண்டும். கத்தியால் சுரண்டுவது கண்ணாடியில் நுண்கீறல் விடும். அந்தக் கீறல் பின்னர் இழுவிசையில் முறிவாக வளரும். பூச்சைக் கரைப்பானில் ஊதவைத்துக் கழற்றுவது மேல். இருபுறமும் பிடிப்புக்கு இடம் விட்டு நீக்க வேண்டும்.

அரிப்பு வீதம் அமிலத்தின் செறிவையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறுவதால், அன்றைய கலவையில் ஒரு துண்டு இழையை முக்கி எடுத்து அளந்து வீதத்தைக் கண்டுகொள்ள வேண்டும். பழைய குறிப்பேட்டு எண்ணை நம்பக் கூடாது. ஓரிடத்தில் கரையும் ஆழம் அந்த இடம் அமிலத்துக்குள் இருந்த நேரத்துக்கு நேர்விகிதம். நமக்கு முடிவில் ஆரத்தில் 12.5 மைக்ரோமீட்டர் கரைய வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை முழு நேரம் என்று கொண்டால், முக்கால் பங்கு இடத்துக்கு 81 விழுக்காடு நேரமும், நடுவுக்கு 58 விழுக்காடும், கால் பங்கு இடத்துக்கு 32 விழுக்காடும் தேவை. தடித்த முனைக்கு நேரமே இல்லை.

இழையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மெல்லிய முனையாகப் போகும் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, கணினி இயக்கும் நகர்த்தியால் அமிலத்துக்குள் மெல்ல இறக்குவதே எனக்குப் பிடித்த முறை. முழுதும் முக்கிவிட்டு மேலே இழுப்பதிலும் அதே வடிவம் கிடைக்கும். ஆனால் வெளியே வந்த பகுதியில் ஒட்டிய அமிலம் தொடர்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். இறக்கும்போது முதற்கால்பகுதி 19 விழுக்காடு நேரத்தில் இறங்க வேண்டும், கடைசிக் கால்பகுதி 32 விழுக்காடு நேரம் எடுக்க வேண்டும். அதாவது வேகம் படிப்படியாகக் குறைய வேண்டும். அமிலத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் ஆவி மேலெழுந்து, இன்னும் இறங்காத பகுதியைத் தொடுவது குறையும். நேரம் முடிந்ததும் உடனே வெளியே எடுத்து, அயனி நீக்கிய நீரில் நன்கு கழுவி, ஐந்து இடங்களில் நுண்ணோக்கியால் விட்டத்தை அளக்க வேண்டும். அளந்த விட்டங்களிலிருந்து சர்ப்பை மறுபடி கணக்கிட்டு, தேவையான விசையைத் திருத்திக்கொள்ளலாம். வடிவம் சரியாக இருந்து முடிவு விட்டம் மட்டும் சற்று மாறியிருந்தால் விசையால் சரிக்கட்டலாம். வடிவமே கோணியிருந்தால் அந்த இழையை ஒதுக்கிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: எழுதுதல்

சாதாரண தொலைத்தொடர்பு இழையின் ஒளியுணர்வு குறைவு. ஆகவே எழுதும் முன் சுமார் 100 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஹைட்ரஜனில் ஊறவைப்பது வழக்கம். அறை வெப்பநிலையில் இதற்கு இரண்டு வாரம் அளவில் ஆகும். அரித்தல் முடிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். ஊறிய இழையிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறிக்கொண்டே இருப்பதால் எழுதும் வரை குளிர்பதனத்தில் வைக்க வேண்டும்.

எழுதும் மேடையில் ஒரு முனையை இறுகப் பிடித்து, மறுமுனையைக் கப்பியின் மீது செலுத்தி 89 கிராம் எடையைத் தொங்கவிடுவது எளிமையானது, விசையும் மாறாது. விசை அளவியோடு கூடிய நகர்த்தி இருந்தால் வசதி, ஆனால் அதன் நழுவலைக் கண்காணிக்க வேண்டும். 244 நானோமீட்டர் ஆர்கான் இரட்டிப்பு லேசரோ 248 நானோமீட்டர் எக்சைமர் லேசரோ கொண்டு, நீண்ட மாஸ்கின் வழியே கற்றையை மெல்ல நகர்த்தி எழுதுகிறோம். டேப்பர் மெலியும்போது இழையின் அச்சு விலகாமல் இருக்க, இழை இருபுறப் பிடியில் மட்டும் தாங்கப்பட வேண்டும். நடுவில் பள்ளத்தில் கிடத்தினால் மெல்லிய பகுதி கீழிறங்கிக் கவனம் பிசகும்.

முனைகளில் கீற்றணியின் வலிமையை மெல்ல உயர்த்தி மெல்லத் தாழ்த்துவதை அப்போடைசேஷன் என்கிறோம். இது இல்லாவிட்டால் இரு முனைகளும் அரைக்கண்ணாடிகளைப் போல நடந்து, குழுத் தாமத (ஒவ்வோர் அலைநீளமும் திரும்பிவர எடுக்கும் நேரம்) வரைபடத்தில் கடுமையான சிற்றலையை உண்டாக்கும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஒளிவிலகல் எண்ணின் அலைவைக் குறைக்கும்போது சராசரி எண் மாறக் கூடாது என்பது. வெறுமனே புறஊதா ஒளியைக் குறைத்தால் சராசரியும் குறைந்து, முனைகளில் நாம் கேட்காத சர்ப் சேரும். மாஸ்கை நுண்ணதிர்வுக்கு உட்படுத்தி அலைவை மட்டும் மங்கச் செய்வதோ, மாஸ்க் இல்லாமல் இரண்டாம் முறை ஒளி காட்டிச் சராசரியைச் சமன் செய்வதோ வேண்டும். ஒளி நுழையும் முனையின் அப்போடைசேஷனுக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். எல்லா நிறமும் அதைக் கடந்தே போகிறது.

எவ்வளவு வலிமை? நம் சர்ப் வீதத்தில் 90 விழுக்காடு எதிரொளிப்புக்கு ஒளிவிலகல் எண்ணின் அலைவு ஒரு லட்சத்தில் 7 அளவில் போதும். ஆனால் இரண்டாம் வழியில் இதைக் கண்காணிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எழுதும்போது இடைவெளி சீராக இருந்தாலும், இழுவிசையால் மெல்லிய முனையின் ஒளிவிலகல் எண் குறைந்திருப்பதால் திரையில் சுமார் 0.19 நானோமீட்டர் அகலம் மட்டும் தெரியும். தளர்த்தியதும் அது 0.86 ஆக விரியும். சர்ப் நான்கரை மடங்காகும்போது, கடத்தலில் டெசிபலில் தெரியும் பள்ளம் நான்கரையில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். முடிவில் 10 டெசிபல் வேண்டுமெனில் எழுதும்போது 45 டெசிபல் பள்ளம் தெரிய வேண்டும். அது பல நிறமாலை அளவிகளின் எட்டுக்கு அப்பாற்பட்டது. திரையில் 30 டெசிபல் கண்டு மகிழ்ந்து நிறுத்தினால், தளர்த்திய பின் 78 விழுக்காடு எதிரொளிப்பே மிஞ்சும். ஆகவே ஒளியளவைச் சோதனை இழைகளில் முன்பே அளவிட்டுக்கொண்டு, அதன்படி எழுத வேண்டும்.

இன்னொன்று: ஒரே பக்கத்திலிருந்து எழுதுவதால் உள்ளகத்தில் சிறு இரட்டை ஒளிவிலகல் (ஒளி அதிரும் திசையைப் பொறுத்து, அதாவது முனைவாக்கத்தைப் பொறுத்து, ஒளிவிலகல் எண் மாறுவது) பதிகிறது. அது பத்து லட்சத்தில் ஒன்று என்றால், இரு முனைவாக்கங்களின் பிராக் அலைநீளங்கள் 1.07 பிக்கோமீட்டர் விலகும். நானோமீட்டருக்கு 1360 பிக்கோ வினாடி என்ற நிறப்பிரிகையோடு பெருக்கினால் தாமத வேறுபாடு ஒன்றரை பிக்கோ வினாடி; பொறுத்துக்கொள்ளலாம். அதுவே லட்சத்தில் ஒன்று என்று வளர்ந்தால் 15 பிக்கோ வினாடியை நெருங்கிவிடும்.

எழுதி முடித்ததும் விசையைத் திடீரென விடாமல் மெல்லத் தளர்த்தி, 100 முதல் 150 செல்சியஸ் பாகையில் பல மணி நேரம் வைத்து, எஞ்சிய ஹைட்ரஜனையும் நிலையற்ற மாற்றங்களையும் நீக்க வேண்டும். அதன் பிறகே அலைநீளத்தை இறுதி அளவாகக் குறிக்க வேண்டும்.

ஆறாம் படி: அளவிடுதல்

எதிரொளிப்பு நிறமாலை அழகாக இருப்பதால் கீற்றணி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. குழுத் தாமதத்தை அளந்தே ஆக வேண்டும். அலைநீளம் மாற்றக்கூடிய லேசரை ரேடியோ அதிர்வெண்ணில் பண்பேற்றி, திரும்பிவரும் குறிப்பலையின் கட்டம் அலைநீளத்தோடு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது வழக்கமான முறை. 1 கிகாஹெர்ட்ஸில் ஒரு பாகை கட்டம் 2.8 பிக்கோ வினாடிக்குச் சமம். 200 மெகாஹெர்ட்ஸில் 13.9 பிக்கோ வினாடி. அதிர்வெண் கூடினால் நுட்பம் கூடுவதுபோல் தெரியும். ஆனால் 1 கிகாஹெர்ட்ஸ் பண்பேற்றத்தின் பக்கப்பட்டைகள் இருபுறமும் 8 பிக்கோமீட்டர் தள்ளி நிற்கின்றன. 120 மில்லிமீட்டர் கீற்றணியின் இரு முனைகள் உண்டாக்கும் சிற்றலையின் இடைவெளியோ சுமார் 6.8 பிக்கோமீட்டர். ஆகவே அதிக அதிர்வெண்ணில் அளந்தால் சிற்றலை சராசரியாகி மறைந்து, மோசமான கீற்றணியும் நல்லதாகக் காட்சியளிக்கும். குறைந்த அதிர்வெண்ணில், 1 பிக்கோமீட்டர் படிகளில், ஒவ்வொரு புள்ளியையும் பலமுறை அளந்து சராசரி எடுப்பதே நேர்மையான அளவீடு.

வரைபடத்தில் நேர்கோட்டைப் பொருத்தினால் அதன் சரிவு நிறப்பிரிகை. கோட்டிலிருந்து விலகல் சிற்றலை. நீண்ட வளைவாக விலகினால் டேப்பரின் வடிவம் பிழை. சீராகத் துடிக்கும் சிறு அலையானால் அப்போடைசேஷன் பிழை. ஒழுங்கற்ற நடுக்கமானால் மாஸ்க் அல்லது கற்றை நகர்த்தலின் பிழை. இந்த மூன்றையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் அடுத்த கீற்றணி தானாகவே மேம்படும்.

பொதிதலும் இணைத்தலும்

கீற்றணியின் அலைநீளம் ஒரு செல்சியஸ் பாகைக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும். 40 பாகை மாற்றம் 0.4 நானோமீட்டர், நம் பட்டையில் குறிப்பலைக்குப் போக மீதமிருப்பதே 0.5 நானோமீட்டர்தான். ஆகவே வெப்பத்தில் சுருங்கும் வகைப் பீங்கான் அடிப்பலகையில் ஒட்டியோ, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தியோ பொதிய வேண்டும். அடிப்பலகையில் ஒட்டும்போது இழை தொய்யாதிருக்கச் சிறு முன்னிழுவிசை கொடுப்பார்கள். டேப்பர் இழையில் அந்தச் சிறு விசையும் சர்ப்பைச் சற்றுக் குறைக்கும். கணக்கில் அதைக் கழிக்க மறக்கக் கூடாது.

முதல் வழியைத் தேர்ந்து, இழுத்து மாற்றக்கூடிய கருவி செய்பவர்கள் மூன்று விளைவுகளுக்குத் தயாராக இருக்க வேண்டும். நிறப்பிரிகை விசைக்கு எதிர்விகிதத்தில் மாறும். எதிரொளிப்பு வலிமையும் கூடவே மாறும். நடு அலைநீளமும் நகரும்: நம் எடுத்துக்காட்டில் விசையைப் பத்து விழுக்காடு கூட்டினால் நடு அலைநீளம் சுமார் 0.2 நானோமீட்டர் ஏறும். அதை இறக்க 20 பாகை குளிர்விக்க வேண்டிவரும். மெல்லிய முனையில் நிலையாக இருக்கும் 0.2 விழுக்காடு திரிபு, இழைத் தயாரிப்பில் செய்யப்படும் 1 விழுக்காட்டுத் தாங்குதிறன் சோதனையின் ஐந்தில் ஒரு பங்குதான் என்றாலும், அந்தச் சோதனை பூச்சு நீக்கி, அரித்து, புறஊதா ஒளி காட்டிய இழைக்கு நடந்ததல்ல. ஆகவே செய்து முடித்த ஒவ்வொரு துண்டையும் பயன்பாட்டு விசையைவிடக் கூடுதலான விசையில் ஒருமுறை இழுத்துச் சோதித்த பிறகே பொதிய வேண்டும்.

தடத்தில் இணைக்க, ஒரு வாயில் நுழையும் ஒளியை அடுத்த வாய்க்கு மட்டும் அனுப்பும் மூன்று வாய் சர்குலேட்டர் வேண்டும். முதல் வாயில் தடத்திலிருந்து வரும் ஒளி, இரண்டாம் வாயில் கீற்றணி, மூன்றாம் வாயிலிருந்து ஏற்பிக்கு. சர்குலேட்டரை இருமுறை கடப்பதும் கீற்றணியின் 90 விழுக்காடு எதிரொளிப்பும் சேர்ந்து இழப்பு 2 டெசிபல் அளவில் அடங்கும். கீற்றணியின் மறுமுனையைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும். நேராக வெட்டிய முனையிலிருந்து திரும்பும் சிறு ஒளியும் தாமத வரைபடத்தில் சிற்றலையாகத் தெரியும். பொதியின் வெளிப்புறத்தில் நுழைவு முனையை அழியாத எழுத்தில் குறித்துவையுங்கள். முனை மாறி இணைத்தால் கருவி ஈடுசெய்வதற்குப் பதிலாக 80 கிலோமீட்டர் இழையின் நிறப்பிரிகையைக் கூடுதலாகச் சேர்த்துவிடும். ஏற்பியில் ஒளி அளவு சரியாகவே காட்டும். பிட் பிழை மட்டும் எகிறும். அத்தகைய நிலையைக் கண்டால் மற்ற எதையும் பிரிக்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குறியைத்தான்.